பல் கட்டிய பின்னர்

நம்மவர் கூடுமிடங்களிற் பேசப்படாத பொருள்கள் சில உண்டு. சீனி வியாதியைப் பற்றிப் பேசுவோம். இரத்த அழுத்தத்தைப் பற்றிப் பேசுவோம். முழங்கால் நோவுக்கு எந்த எண்ணெய் நல்லது என்று மணிக்கணக்காக வாதிடுவோம். இருதய சத்திரசிகிச்சையின் தழும்பைச் சட்டைப் பொத்தானைக் கழற்றிக் காட்டியவர்களையும் கண்டிருக்கிறேன். ஆனால், பல் கட்டிய ஒருவர் தாம் பல் கட்டியிருப்பதைத் தாமாகவே சொன்னதை நான் கேட்டதில்லை. குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு இரகசியமாகக் கழுவுகிற கணவர்களும், மருமகளின் கண்ணிற் பட்டுவிடக் கூடாதென்று இரவிலும் கழற்றாமற் படுக்கிற மாமியாரும் நம்மிடையே இருக்கின்றனர். முரசு புண்ணாகி, அதை எவரிடமும் சொல்லாமல், கொண்டாட்ட வீடுகளிலே “வயிறு சரியில்லை” என்று சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைக்கிற அன்பர்களின் தொகை சிறியதன்று என்று இப்போது எனக்குத் தெரிகிறது. தெரிந்ததற்குக் காரணம், கடந்த ஆண்டு எனக்கும் மேலும் கீழுமாக இரண்டு வரிசையும் கட்டினார்கள் என்பதே. எனக்கு வயது ஐம்பத்தேழு.

ஐம்பத்தேழு வயது முழுவாய்ப் பற்களையும் இழக்கும் வயதா என்று இந்நாட்டில் பிறந்த பிள்ளைகள் கேட்கிறார்கள். அவர்களுக்கு விளங்கப்படுத்துவது எளிதன்று. ஆலங்குச்சியையும் வேலங்குச்சியையும் புகழ்கின்ற பழமொழியை வகுப்பிலே கற்பித்தவன் நான். ஊரில் உமிக்கரியும் உப்பும் வேப்பங்குச்சியும் இருந்தன, குறையொன்றுமில்லை. பின்னர் யுத்தம் வந்தது. 1990 இன் பின்னர் யாழ்ப்பாணத்திலே பல ஆண்டுகள் மின்சாரம் இருக்கவில்லை. பல்லில் வலி வந்தால் கராம்பை வைத்துக் கடித்துக்கொண்டு இருப்போம். கராம்புக்கும் அடங்காத வலியென்றால் பல்லைப் பிடுங்குவிப்போம். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு நாவற்குழிப் பாலத்தைக் கடந்தவர்கள் எவரும் கையிற் பற்தூரிகையைப் பத்திரமாக எடுத்துக்கொண்டு நடக்கவில்லை. அதன்பின்பு கொட்டில் வாழ்க்கை, விடுதி வாழ்க்கை, பிறநாடுகளிலே காத்திருந்த காலம் என்று எத்தனையோ ஆண்டுகள் கழிந்தன.

இங்கு வந்த பின்னரும் நிலைமை உடனே மாறிவிடவில்லை. இரவு வேலை; விழித்திருப்பதற்காக இரண்டு சீனியும் இரண்டு பாலும் போட்ட கோப்பி, ஓர் இரவில் நான்கு தடவை. கனடாவிலே வைத்தியம் இலவசம் என்று ஊரில் இருந்தபோது கேள்விப்பட்டிருந்தோம். அந்த இலவசத்துக்குள் வாய் அடங்காது என்பது இங்கு வந்த பின்னரே தெரிந்தது. தொழிற்சாலையிற் காப்புறுதி இருந்தவர்கள் பிழைத்தார்கள். இல்லாதவர்கள் வலி பொறுக்க முடியாத கட்டத்தில் மட்டும் போனார்கள். வேர்ச்சிகிச்சை செய்து முடி பொருத்துவதற்கான செலவையும், பல்லைப் பிடுங்குவதற்கான செலவையும் பல் வைத்தியர் ஒரே தாளில் எழுதித் தருவார். முதலாவது இரண்டாவதைப் போலப் பல மடங்கு. ஊருக்கு அனுப்ப வேண்டிய காசு ஒரு பக்கம், வீட்டு வாடகை ஒரு பக்கம். எந்தத் தொகையைத் தெரிவுசெய்தோம் என்பதை நம்மிற் பலருடைய வாய் சொல்லும். சீனி வியாதி உள்ளவர்களுக்கு முரசு நோய் விரைவாக முற்றும் என்பதையும் சேர்த்துக்கொள்க. அந்த வியாதி நமது சமூகத்தில் வீட்டுக்கு வீடு உண்டு.

ஆகவே, பல் போனது அவமானத்துக்குரிய செய்தியன்று. யுத்தமும் வறுமையும் எடுத்துக்கொண்டவற்றுள் அதுவும் ஒன்று. காணி போனதைச் சொல்கிறவர்கள் பல் போனதையும் சொல்லலாம்.

காசு விடயத்தில் இன்று சிறிது வெளிச்சம் இருக்கிறது. கனடிய அரசு 2023 டிசம்பரில் அறிவித்து, 2024 மே மாதத்திலிருந்து சிகிச்சை வழங்கத் தொடங்கிய கனடியப் பல் பராமரிப்புத் திட்டம், முதலில் முதியோருக்கென ஆரம்பித்து, 2025 இல் ஏனைய வயதினருக்கும் திறந்துவிடப்பட்டது. வேறு பல் காப்புறுதி இல்லாதவராக இருக்க வேண்டும்; வருமான வரிப் பத்திரம் சமர்ப்பித்திருக்க வேண்டும்; குடும்பத்தின் தேறிய வருமானம் 90,000 டொலருக்குக் குறைவாக இருக்க வேண்டும். வருமானம் 70,000 டொலருக்குக் குறைந்தவர்களுக்குத் திட்டம் தனது கட்டண அட்டவணைப்படி முழுவதையும் ஏற்றுக்கொள்ளும். பொய்ப்பல்லும் இதில் அடங்கும். ஆனால், வைத்தியர் அறவிடும் தொகை அட்டவணையிலும் கூடியதாயின் மீதி நம்முடைய தலையில் விழும். நாற்காலியிற் படுப்பதற்கு முன்னரே அதைக் கேட்டறிதல் வேண்டும். ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். வரிப் பத்திரம் நிரப்பாத முதியோரை வீட்டில் வைத்திருக்கும் பிள்ளைகள் இதைக் கவனிப்பார்களாக. ஒன்ராறியோவில் பல் வைத்தியரைத் தவிர, டென்ச்சரிஸ்ற் எனப்படும் பொய்ப்பல் அமைப்போரும் 1991 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அனுமதி பெற்றுத் தொழில் புரிகின்றனர். அவர்களிடம் நேரடியாகவே போகலாம்.

சரித்திரம் படித்தவனுக்கு எதைக் கண்டாலும் அதன் முற்பிறப்பை ஆராயும் வியாதி உண்டு. அமெரிக்காவின் முதலாவது ஜனாதிபதி ஜோர்ஜ் வாஷிங்டன் 1789 இல் பதவியேற்றபோது அவருடைய வாயில் எஞ்சியிருந்த சொந்தப் பல் ஒன்றே ஒன்று. அவருக்கு மரத்தாற் பல் கட்டினார்கள் என்று பாடப் புத்தகங்களிலும் எழுதி வைத்தார்கள், அது கட்டுக்கதை. நீர்யானைத் தந்தமும், மனிதப் பற்களும், ஈயமும் கொண்டு செய்யப்பட்டவை அவை. அவருடைய தோட்டத்துக் கணக்குப் புத்தகத்தில், 1784 ஆம் ஆண்டில், அடிமைகளிடமிருந்து ஒன்பது பற்கள் வாங்கியதற்கான பதிவு ஒன்று இருக்கிறது. 1815 இல் வாட்டர்லூப் போர்க்களத்தில் இறந்துகிடந்த இளம் படைவீரர்களின் பற்களும் பிடுங்கப்பட்டுச் சீமான்களின் வாய்களுக்குப் போய்ச் சேர்ந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் கடினப்படுத்திய றப்பர் வந்த பின்னர்தான் சாதாரண மக்களுக்கும் பொய்ப்பல் எட்டியது. இன்று நம் வாயில் இருக்கும் இளஞ்சிவப்பு அக்ரிலிக் 1930 களிற் புழக்கத்துக்கு வந்தது. இறந்தவனின் பல்லைக் கட்டிக்கொண்டு விருந்துண்டவர்களோடு ஒப்பிட்டால், நமக்கு வாய்த்தது மிகவும் கண்ணியமான பொருள்.

இனி, அது வாய்க்குள் எவ்வாறு நிற்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். இது விளங்காதபடியாற்றான் பலர் முதல் மாதத்திலேயே மனமுடைந்து, பல்லைப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறார்கள். ஈரமான இரண்டு கண்ணாடித் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து அழுத்திப் பாருங்கள், இழுத்தால் வராது. மேற்தட்டு அண்ணம் முழுவதையும் மூடி, இடையில் உள்ள உமிழ்நீர்ப் படலத்தின் பலத்திலே அவ்வாறு ஒட்டி நிற்கிறது. கீழ்த்தட்டுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. நாவுக்கு இடம் விடவேண்டியிருப்பதால் அது குதிரை இலாடம் போல ஒடுங்கிய ஒரு வளைவு. பற்றிக்கொள்ளும் பரப்புச் சிறிது. ஒரு பக்கம் கன்னத் தசை தள்ளும், மறுபக்கம் நாக்குத் தள்ளும். “மேல்பல் நல்லாய் இருக்குது, கீழ்ப்பல்லைத்தான் பிழையாய்ச் செய்துபோட்டான்” என்று குறைசொல்லாத ஒருவரை இதுவரை காணவில்லை. பெரும்பாலும் செய்தவனிற் பிழை இல்லை. கீழ்த்தட்டு என்பது கட்டி வைக்கப்பட்ட பொருளன்று. நாக்கும் கன்னமும் சேர்ந்து சமநிலையிற் பிடித்திருக்கப் பழகவேண்டிய பொருள். துவிச்சக்கர வண்டி பழகியதை நினைத்துக்கொள்க. அதற்குச் சில வாரங்கள் வேண்டும். சிலருக்குச் சில மாதங்கள்.

முதல் வாரத்தில் உமிழ்நீர் ஆறாகப் பெருகும். வாய்க்குள் ஏதோ உணவு வந்துவிட்டதென்று சுரப்பிகள் ஏமாறுகின்றன. இரண்டொரு வாரத்தில் உண்மையை உணர்ந்து அடங்கிவிடும். அதற்காகத் துப்பிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. விழுங்கினாற் போதும், விழுங்குதல் தட்டை இருத்தவும் உதவும். இதற்கு எதிரான துன்பமும் உண்டு. சீனி வியாதியாலும், இரத்த அழுத்தத்திற்கும் மனச்சோர்வுக்கும் எடுக்கும் சில மாத்திரைகளாலும் வாய் வரண்டு போனவர்களுக்குத் தட்டு ஒட்டாது. அவர்கள் தண்ணீர்ப் போத்தலைக் கைவிடாமல் இருக்க வேண்டும். மாத்திரை தரும் வைத்தியரிடமும் சொல்ல வேண்டும்.

புண் வரும். எல்லோருக்கும் வரும். நான் அறிந்த ஒரு பெரியவர் மணற்தாளால் தாமே தேய்த்துத் தேய்த்து, நோவு நின்றபோது தட்டும் நில்லாமற் போயிற்று. அரத்தையும் கத்தியையும் கராஜிலேயே விட்டுவிடுங்கள். திரும்பப் போய்க் காட்டுவதே முறை. காட்டப் போவதற்கு முதல் நாளும் அன்றும் நோவைப் பொறுத்துக்கொண்டு தட்டை அணிந்திருக்க வேண்டும். அப்போதுதான் எந்த இடத்தில் உரசுகிறது என்பது முரசிற் சிவப்பாகத் தெரியும். பற்களைப் பிடுங்கிய அன்றே தட்டைப் போட்டவர்கள், முதல் இருபத்துநான்கு மணித்தியாலம், வைத்தியர் சொல்லும்வரை கழற்றக் கூடாது. கழற்றினால் வீங்கிய முரசுக்குள் திரும்பப் போகாது.

சாப்பாடு என்ற அத்தியாயம் நீளமானது. சொந்தப் பற்களாற் கடிக்கும் வலுவில் நாலில் ஒரு பங்கு பொய்ப்பற்களுக்கு இருந்தால் அது பெரிய விடயம். பலருக்கு அதுவும் இராது. முன்பல்லாற் கடித்து இழுக்கும் பழக்கத்தை மறக்க வேண்டும். முன்னால் அழுத்தினால் பின்னால் எழும்பும், நெம்புகோல்தான். முறுக்கை உடைத்து வாயிற் போடுங்கள். கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தைச் சூப்பிச் சாப்பிடும் இன்பத்தை மட்டும் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும்; வெட்டிச் சாப்பிட்டாலும் அதே மாம்பழம்தான் என்று என் மனைவி சொல்கிறாள், நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு கவளத்தை இரண்டாகப் பிரித்து, இருபக்கமும் ஒரே நேரத்தில் மெல்லப் பழகினால் தட்டு ஆடாது. இது சொல்வதற்கு எளிது. வாழ்நாள் முழுவதும் ஒரு பக்கத்தால் மென்ற தாடையை ஐம்பதைக் கடந்தபின் இருபக்கமும் மெல்லச் செய்வது, இடக்கையால் எழுதப் பழகுவதைப் போன்றது.

நமது உணவு இதற்கு எவ்வளவு தூரம் ஒத்துவரும் என்பதை இங்குள்ள எந்தக் கையேடும் எழுதவில்லை. அவர்கள் சூப் குடி, மசித்த உருளைக்கிழங்கு உண் என்கிறார்கள். என் அனுபவத்தில் முதல் வாரத்துக்கு இடியப்பமும் சொதியும்போல ஒன்றில்லை. குழைத்த சோறும் பருப்பும் நன்று. கூழும் நன்று, அதற்குள் நண்டுக் கால் கிடவாதவரையில். புட்டு மென்மையானதுதானே என்று எண்ணிவிடாதீர்கள். தேங்காய்ப்பூ கீழ்த்தட்டுக்கு அடியிற் புகுந்து, மணலுக்குமேல் நடப்பது போலாகிவிடும். எள்ளும் தக்காளி விதையும் கத்தரிக்காய் விதையும் அவ்வாறே. புட்டு இல்லாமல் ஒரு யாழ்ப்பாணத்தவன் எவ்வளவு காலம் உயிர்வாழலாம்? தேங்காய்ப்பூவை மா போல அரைத்துப் போட்டு அவிக்கலாம் என்று அயல்வீட்டு மாமி ஒருவர் என் மனைவிக்குச் சொல்லித் தந்தார். பல் கட்டியவருக்கன்றி அந்த நுட்பம் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆயினும் அவரும் ஏன் என்று சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

ஒரு விடயத்தை மட்டும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும்: மீன் முள். மேற்தட்டு அண்ணத்தை மூடியிருப்பதால் முள் இருப்பது வாய்க்குத் தெரிவதில்லை. தொண்டைக்குப் போன பின்னர்தான் தெரியும். சூடை மீனையும் திரளியையும் வாய்க்குள்ளேயே நாவாற் பிரித்தெடுத்துத் துப்பும் திறமையிற் பெருமை கொண்டவர்கள் நாம். அந்தத் திறமை அண்ணத்தின் உணர்ச்சியில் தங்கியிருந்தது. இப்போது முள்ளை விரலாற் பார்த்து எடுக்க வேண்டும். சூடும் அப்படித்தான். கொதிக்கும் தேநீர் அண்ணத்திற் சுடாமல் நேரே தொண்டையைச் சுடும். உப்பும் உறைப்பும் போதாதென்று முதல் மாதங்களிற் தோன்றும். சமைத்தவர்மேற் குற்றமில்லை, கையை உப்புப் போத்தலை நோக்கி நீட்டாதீர்கள். இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அது ஆபத்து. இதிலும் பெரிய ஆபத்து, மெல்ல முடியாதென்று கீரையையும் காய்கறியையும் இறைச்சியையும் படிப்படியாகக் கைவிட்டு, பாணும் சீனித் தேநீரும் பிஸ்கற்றுமாக வாழத் தொடங்குவது. வெளியே பார்த்தால் “அப்பா ஒழுங்காய்ச் சாப்பிடுறார்” என்றிருக்கும். சீனியின் அளவைப் பரிசோதிக்கும்போதுதான் உண்மை தெரியும். இலைக்கறியை அரைத்துச் சமையுங்கள். இறைச்சியைக் கொத்திச் சமையுங்கள்.

பேச்சுக்கு வருவோம். பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்பது நம் முன்னோர் வாக்கு. வகுப்பறையிற் பேசியே சோறு உண்டவனுக்கு இது வெறும் பழமொழி அல்ல. தொல்காப்பியர் எழுத்ததிகாரத்திற் பிறப்பியல் என்றோர் இயல் வகுத்து, எந்த எழுத்து வாயின் எந்த இடத்தில் எவ்வாறு பிறக்கிறது என்று கூறியிருக்கிறார். பல்லையும் இதழையும் நாவையும் அண்ணத்தையும் அவர் அங்கே எண்ணுகிறார். அதை நான் மாணவர்களுக்குச் சூத்திரமாகக் கற்பித்தேன். அதன் பொருள் முழுவதும் விளங்கியது பல் வைத்தியரின் நாற்காலியிலேதான். தகரமும் நகரமும் மேற்பல்லின் அடியில் நாநுனி பரந்து ஒற்றுவதாற் பிறப்பவை. அந்த அடி இப்போது அக்ரிலிக், முன்னிருந்ததிலும் தடிப்பு. ஆகவே “தந்தை” என்றால் மழலை போல வருகிறது. வகரம் மேற்பல்லும் கீழிதழும் இயைவதாற் பிறப்பது. பல் ஓர் இழை நீண்டுவிட்டாலும் “வாருங்கள்” என்பது காற்றோடு போகிறது. ரகரத்துக்கும் ழகரத்துக்கும் நாநுனி அண்ணத்தை வருட வேண்டும். வருடுவதற்கு அண்ணம் எங்கே? பகரமும் மகரமும் இதழிலே பிறப்பவையாதலால் அவை மட்டும் முன்போலவே இருந்தன. குழந்தை முதலிற் பேசுவதும் அவற்றைத்தான். (யாழ்ப்பாணத்துப் பேச்சிலே ழகரம் ளகரமாகிப் பன்னெடுங்காலம் ஆயிற்று, ஆதலால் நம்மவர் பலருக்கு அந்த ஓர் எழுத்தில் நட்டமில்லை என்று தமிழகத்து நண்பர் ஒருவர் பகிடி செய்தார்.)

மெழுகிற் பற்களைப் பதித்து, முடிப்பதற்கு முன் ஒருமுறை வாயில் வைத்துப் பார்ப்பார்கள். அப்போது ஆங்கிலத்தில் அறுபதிலிருந்து எழுபது வரை எண்ணச் சொல்வார்கள். சகரம் போன்ற சீறும் ஒலிகள் சரியாக வருகின்றனவா என்று பார்ப்பதற்காக. எண்ணிவிட்டு எழும்பி வந்துவிடாதீர்கள். நாளின் பெரும்பகுதியில் நாம் பேசுவது தமிழ். “தாத்தா, வாழைப்பழம், நாற்றங்கால்” என்று நாலு சொல்லைத் தமிழிற் சொல்லிப் பாருங்கள். வெட்கம் வேண்டாம். மெழுகிலே திருத்துவது சில நிமிட வேலை, முடித்த பின்னர் திருத்துவது பெரும் பாடு. நிறத்தையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். பனிபோல வெள்ளை வேண்டும் என்று ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்டவர்களை இருட்டிலும் அடையாளம் காணலாம்.

அந்தக் கட்டத்தில், பழைய படம் ஒன்று கொண்டு வா, சொந்தப் பற்களோடு சிரிக்கும் படமாக இருக்கட்டும், என்று எனக்குச் சொன்னார்கள். இந்நாட்டவர்க்கு அது எளிய வேண்டுகோள். என் திருமண அல்பம் 1995 இல் வீட்டோடு போயிற்று. எஞ்சியவை அடையாள அட்டைப் படமும், அகதி விண்ணப்பத்துக்கு எடுத்த படமும். அவற்றிற் சிரித்தவர் யார்? இறுதியில், முன்னர் கற்பித்த பாடசாலையின் ஆசிரியர் குழுப் படத்தை, இலண்டனில் வாழும் ஒரு மாணவி தொலைபேசியில் அனுப்பி வைத்தாள். மூன்றாம் வரிசையில் நின்ற இளைஞனுக்கு மேல்வரிசையில் இரண்டு பற்களுக்கிடையே சிறிய இடைவெளி இருந்தது. நான் மறந்தே போயிருந்தேன். “இந்த இடைவெளியையும் வைக்கட்டுமா?” என்று செய்பவர் கேட்டார். வைக்கச் சொன்னேன்.

பேச்சுத் திரும்பி வருவதற்கு மருந்து, உரத்து வாசித்தலே. நாளொன்றுக்கு அரைமணி நேரம், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, பத்திரிகையின் முதற்பக்கத்தை வாசித்தேன். ஆரம்பத்தில் ஒவ்வொரு தகரத்துக்கும் தட்டு “டக்” என்றது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஒரு சிறுவன், “சேர், வாய்க்குள்ள இனிப்பு வச்சிருக்கிறீங்களோ?” என்று கேட்டான். பல் கட்டியிருப்பதைச் சொன்னேன். உடனே வகுப்பு முழுவதும் பார்க்க வேண்டும் என்றது. பாட்டாமாரோடு வளரும் பிள்ளைகளுக்கு அது புதினமும் அன்று. “எங்கட அம்மம்மாவும் கிளாசுக்குள்ள வைக்கிறவ” என்றாள் ஒருத்தி. ஏறத்தாழ ஆறு வாரத்தில் “டக்” நின்றது.

இங்கு சொல்ல வேண்டிய இன்னொன்று இருக்கிறது. வவுனியாவில் இருக்கும் தமக்கையோடு கிழமைக்கு இரண்டு தடவை தொலைபேசியிற் பேசிவந்த அன்பர் ஒருவர், பல் எடுத்தபின் அதை நிறுத்திவிட்டார். குரல் மாறியதை அவ அறிந்தால் தமக்கு ஏதோ பெரிய வருத்தம் என்று அழுவா என்று அவர் சொன்னார். மாதக்கணக்கிற் பேச்சில்லை. அங்கே அந்தத் தாயோ, தம்பி காசுக்குப் பயந்து ஒளிக்கிறான் என்று எண்ணிவிட்டா. இரு கண்டங்களுக்கிடையே ஒரு குடும்பம், இரண்டு அக்ரிலிக் தட்டுகளின் பொருட்டு, கதை இல்லாமற் போயிற்று. பின்னர் மகன் தலையிட்டுச் சேர்த்து வைத்தான். தமக்கையும் பல் கட்டித்தான் இருக்கிறாவாம்.

பராமரிப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரவிற் கழற்றுங்கள், கழுவித் தண்ணீருக்குள் வையுங்கள், காய்ந்தால் உருமாறும். யப்பானில் 85 வயதும் அதற்கு மேலும் ஆன 524 பேரை ஆராய்ந்து 2015 இல் வெளியிட்ட ஆய்வு, தட்டோடு உறங்குபவர்களுக்கு நியூமோனியா வரும் ஆபத்து ஏறத்தாழ இரு மடங்கு என்று கூறுகிறது. தட்டுக்கடியிற் பூஞ்சணம் பற்றி அண்ணம் சிவந்து எரிவதும் பெரும்பாலும் இரவிற் கழற்றாதவர்களுக்கே. சுடுதண்ணீரில் அவிக்கக் கூடாது; கோணிவிடும். பற்பசை சுரண்டும், மென்மையான சவர்க்காரமும் தனித் தூரிகையும் போதும். கழுவும் தொட்டியிற் சிறிது தண்ணீர் விட்டு, அல்லது துவாய் ஒன்றை விரித்து, அதற்கு மேலே பிடித்துக் கழுவினால் கைதவறினாலும் உடையாது. ஒட்டுப் பசை ஒரு துளி போதும். குழாய் குழாயாகப் பூச வேண்டியிருந்தால் தட்டுப் பொருந்தவில்லை என்று அர்த்தம். துத்தநாகம் கலந்த பசையை அளவுக்கு மீறிப் பல காலம் பாவித்தவர்களுக்கு உடலிற் செப்புக் குறைந்து, கைகால் விறைத்து, நரம்பு பழுதான சம்பவங்கள் உண்டு. வாங்கும்போது துத்தநாகம் அற்றதா என்று பார்த்து வாங்குங்கள்.

தட்டு மாறாது, தாடை மாறும். பல் இல்லாத எலும்பு கரைந்துகொண்டே போகும். முதலாண்டில் வேகமாகக் கரையும், பின்னர் மெல்ல மெல்ல. கீழ்த்தாடை மேற்தாடையைப் போல நான்கு மடங்கு கரைவதாக நீண்டகால ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே உட்புறத்தை மீள நிரப்புவிக்க வேண்டி வரும். ஆண்டுகள் சில சென்றபின் புதிதாகவே செய்ய வேண்டியும் வரும். 1998 இல் ஊரில் கட்டிய பல்லை இன்றுவரை பெருமையோடு போட்டுக்கொண்டிருப்பவர் அதைப் பெருமையாகக் கொள்ளாமல் ஒருமுறை போய்க் காட்டட்டும். கீழ்த்தட்டு எவ்வகையிலும் நில்லாதவர்களுக்கு, தாடையெலும்பில் இரண்டு உலோக வேர்களைப் பதித்து அதன்மேற் தட்டைப் பூட்டும் முறை உண்டு. 2002 இல் மொன்றியலில் மக்கில் பல்கலைக்கழகத்திற் கூடிய நிபுணர்கள், பல்லற்ற கீழ்த்தாடைக்கு இதுவே முதல் தெரிவாக இருக்க வேண்டும் என்றனர். நிபுணர்கள் சொன்னார்கள், ஆனால் நான் மேலே சொன்ன அரசாங்கத் திட்டம் அந்த உலோக வேர்களுக்குப் பணம் தராது. ஆயிரக்கணக்கான டொலர்கள் நமது பொறுப்பு.

பல்லே இல்லாதவருக்குப் பல் வைத்தியர் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. வெற்றிலை போடும் முதியோரைக் கருதியே இதற்கு விடை சொல்கிறேன். கொட்டைப்பாக்குப் புற்றுநோயை விளைவிப்பது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2004 இல் வகைப்படுத்தியது. புகையிலை சேராமல் தனிப் பாக்கும் அவ்வாறே. இலங்கையில் ஆண்களை அதிகமாகப் பீடிக்கும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். பல் கட்டியவருக்கு வாயில் ஒரு புண் வந்தால், தட்டு உரசியதாக்கும் என்று அவரும் எண்ணுவார், வீட்டாரும் எண்ணுவர். தட்டைத் திருத்திய பின்னும் இரண்டு வாரத்தில் ஆறாத புண், வெள்ளையாகவோ சிவப்பாகவோ படர்ந்த இடம், இவற்றை வைத்தியரிடம் காட்டியே ஆகவேண்டும். புண் எதுவும் இல்லையென்றாலும் ஆண்டுக்கொரு முறை வாயைத் திறந்து காட்டிவிட்டு வருவது நல்லது.

முதியோர் இல்லங்களிலும் வைத்தியசாலைகளிலும் பொய்ப்பல் தொலைவது சாதாரண நிகழ்ச்சி. சாப்பாட்டுத் தட்டின் ஓரத்தில் கடதாசியிற் சுற்றி வைத்தது குப்பைக்குப் போய்விடும். அல்லது பக்கத்துக் கட்டிலாரின் கிண்ணத்துக்கு மாறிவிடும். ஆங்கிலம் தெரியாத ஒரு தாய், பல்லும் இல்லாமல், தாதிக்கு எதைச் சொல்லி விளங்கப்படுத்துவா? ஆகவே, பல் செய்விக்கும்போதே தட்டின் உட்புறத்திற் பெயரைப் பதித்துத் தரும்படி கேளுங்கள். அது சிறிய வேலை. பெயரை ஆங்கில எழுத்திற் பதிப்பியுங்கள், தாதி வாசிக்க வேண்டும். நீண்ட பெயராயின் முதலெழுத்துகளும் பிறந்த ஆண்டும் போதும். மூடியுள்ள பெட்டி ஒன்றையும் வாங்கி, வைத்தியசாலைக்குக் கொண்டுபோகும் பையில் இப்போதே வைத்துவிடுங்கள்.